வரையத் தெரியாது, கோடிங் தெரியாது: யுஎக்ஸ் வேலைக்கு மாற முடியுமா?

கேள்வி: வணிகவியல் படித்துவிட்டு மூன்று வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். செயலி, இணையதளத் திரைகளை வடிவமைக்கும் யுஐ, யுஎக்ஸ் டிசைனுக்கு மாற ஆசை. படம் வரைய வராது, கோடிங்கும் தெரியாது. எந்த கோர்ஸில் சேருவது, எந்த மென்பொருளைக் கற்பது, வேலை கேட்கும்போது காட்டுகிற போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளின் தொகுப்பு) எத்தனை ப்ராஜெக்ட் வேண்டும்?

பதில்: மாறலாம். வரைவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். பேப்பரில் நாலு பெட்டியும் ரெண்டு கோடும் போட வந்தால் வயர்ஃப்ரேமுக்கு, அதாவது திரையில் எது எங்கே வரும் என்று காட்டும் முதல் வரைவுக்கு, போதும். எழுத்தின் அளவு, இடைவெளி, நிறம் இவற்றுக்குக் கண் பழக வேண்டும், அது உண்மைதான். நன்றாக இருக்கிற திரைகளை எடுத்து அப்படியே திரும்பச் செய்து பார்க்கப் பார்க்க அது வந்துவிடும்.

கண்ணுக்குத் தெரிகிற பட்டன், எழுத்து, நிறம் எல்லாம் யுஐ. வந்தவர் வந்த வேலையை முடித்தாரா, எங்கே திணறினார் என்பது யுஎக்ஸ். ஆரம்ப நிலை வேலைகளில் பெரும்பாலும் இரண்டையும் ஒரே ஆள் தலையில்தான் கட்டுவார்கள்.

மென்பொருள் என்றால் இப்போதைக்கு ஃபிக்மா. பிரவுசரிலேயே ஓடும், இலவசக் கணக்கே போதும். ஃப்ரேம் (ஒரு திரைக்கான சட்டம்), ஆட்டோ லேஅவுட் (உள்ளே இருப்பவை தானாக அடுக்கிக்கொள்வது), காம்போனென்ட் (ஒருமுறை செய்து பல இடத்தில் பயன்படுத்தும் பட்டன் போன்ற துண்டு), ப்ரோட்டோடைப் (அழுத்திப் பார்க்கக்கூடிய மாதிரி) இந்த நாலும் கைக்கு வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் பலரும் பயன்படுத்திய இன்விஷன் என்ற டிசைன் கருவி 2024 கடைசியில் மூடப்பட்டது, அடோபி எக்ஸ்டி என்ற இன்னொரு கருவியில் புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை. கருவியை மட்டுமே நம்பியிருந்தால் அது போகும்போது நீங்களும் போக வேண்டியதுதான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. டிசைன் படித்துவிட்டு வருகிற பலருக்கு இல்லாத சரக்கு உங்களிடம் இருக்கிறது. பில் பதிவு செய்யும் திரையை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு கட்டங்களை நிரப்பி சேமி என்று அழுத்தினால் மேலே சிவப்பில் 'தவறான உள்ளீடு' என்று வருகிறது. எந்தக் கட்டத்தில் தவறு என்று சொல்வதில்லை, போதாததற்கு அடித்ததெல்லாம் அழிந்துவிடுகிறது. தொகைகள் இடப்பக்கம் ஒட்டி நிற்பதால் ஆயிரமா பத்தாயிரமா என்று ஒரு பார்வையில் தெரிவதில்லை. டேப் விசையை அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் எங்கோ தாவுகிறது, நாளெல்லாம் விசைப்பலகையிலேயே ஓடுகிற கை ஒவ்வொரு முறையும் மவுஸைத் தேடுகிறது. இந்த எரிச்சலை நீங்கள் வருடக்கணக்கில் பட்டிருக்கிறீர்கள் இல்லையா, அதுதான் உங்கள் முதல் ப்ராஜெக்ட்.

பிழைச் செய்தியைத் தவறு நடந்த கட்டத்துக்குக் கீழேயே வையுங்கள், 'இந்தத் தேதி நிதியாண்டுக்கு வெளியே இருக்கிறது' என்று என்ன தவறென்பதைச் சொல்லுங்கள், அடித்ததை அழிக்காதீர்கள், தொகையை வலப்பக்கம் ஒட்டுங்கள். பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் நல்ல திரைக்கென்று 1994-இல் தொகுத்த பத்து விதிகளில் பிழையிலிருந்து மீள உதவுவதும் ஒன்று. அந்தப் பத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

வரைந்ததை ஃபிக்மாவில் ப்ரோட்டோடைப்பாக்கி, உங்களைப் போலக் கணக்கு எழுதுகிற ஐந்து பேரிடம் கொடுங்கள். ஒரு சுற்றுச் சோதனைக்கு ஐந்து பேர் போதும் என்று சொன்னதும் அதே நீல்சன்தான். ஒரே ஒரு நிபந்தனை, நீங்கள் வழி சொல்லக் கூடாது. "இதை அழுத்தலாமா?" என்று கேட்டால், "நான் பக்கத்தில் இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். எங்கே கை நிற்கிறது, எதைத் தேடிக் கண் அலைகிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். உங்களுக்கு ரொம்பப் பிடித்த இடத்தில்தான் பாதிப் பேர் மாட்டுவார்கள்.

சில எண்களும் மனப்பாடமாக இருக்கட்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1, தொடுகிற பட்டன் ஆப்பிள் வழிகாட்டுதலில் 44 பாயின்ட், ஆண்ட்ராய்டில் 48 டிபி (பாயின்ட், டிபி இரண்டும் திரையில் அளவு சொல்லும் அலகுகள்). வெளிர்சாம்பல் எழுத்து அழகாகத்தான் இருக்கும், வெயிலில் போனைப் பிடித்துப் படிக்கும்போது தெரியும் அதன் லட்சணம்.

போர்ட்ஃபோலியோவுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. பிரபலமான செயலி ஒன்றுக்குப் புதுச் சட்டை போட்டு வைப்பதை விட்டுவிடுங்கள், எல்லோரும் அதைத்தான் வைக்கிறார்கள். கற்பனை ஆட்களின் புகைப்படம், வண்ண ஒட்டுச் சீட்டுகளின் படம் இதெல்லாம் வேண்டாம். முதல் திரையிலேயே பிரச்சினை என்ன, முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஏன் மாற்றினீர்கள், எதை முயன்று கைவிட்டீர்கள் என்பது கீழே வரட்டும். இன்னொன்று: அலுவலகத் திரையை வைத்துச் செய்தால் உண்மையான பெயர்களையும் தொகைகளையும் மாற்றிவிடுங்கள்.

கோர்ஸ் கட்டாயமில்லை. சேருவதென்றால், உங்கள் வேலையைப் பார்த்து யாராவது முகத்துக்கு நேரே குறை சொல்கிற இடமா என்று மட்டும் பாருங்கள். வேலை உத்தரவாதம் என்று விளம்பரம் செய்கிற இடமென்றால் பணம் கட்டும் முன் அங்கே படித்தவர்கள் நாலு பேரிடமாவது பேசுங்கள். கோடிங் எழுத வேண்டாம், ஆனால் இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் மொழிகளின் அடிப்படை தெரிந்தால் டெவலப்பரோடு வீண் சண்டை குறையும்.

கையிலிருக்கும் வேலையை இப்போது விடாதீர்கள். வெறும் திரை வரைவதை ஏஐ கருவிகளே நொடியில் செய்துவிடுவதால் அதற்கு மட்டும் ஆள் எடுப்பது குறையும் என்றே நினைக்கிறேன். அதனால் கணக்கு, பில்லிங், சம்பளப் பட்டுவாடா மென்பொருள் செய்கிற நிறுவனங்களுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். நேர்காணலில் ஒரு திரையைக் காட்டி இதில் என்ன குறை என்று கேட்டால் நிறத்தில் ஆரம்பிக்காமல், இதை யார், எந்த அவசரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று அவர்களிடம் கேட்டுவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.