வீசரின் ‘பிங்கர்ட்டன்’: அன்று ஏன் திட்டினார்கள், இன்று ஏன் கொண்டாடுகிறார்கள்?

‘பிங்கர்ட்டன்’ அமெரிக்க ராக் இசைக்குழுவான வீசரின் இரண்டாவது ஆல்பம். முதலில் ஒலி. 1994-இல் வந்த முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் ‘தி கார்ஸ்’ பேண்டின் ரிக் ஒகாசெக். எல்லாம் பளிச்சென்று, ஒழுங்காக இருக்கும். 1996 செப்டம்பரில் வந்த ‘பிங்கர்ட்டனை’ வீசரே தயாரித்தது. குரல்களைத் தனித்தனியாக அடுக்காமல் குழுவில் பாடும் மூன்று பேரும் ஒன்றாக நின்று பாடினார்கள். முதல் பாட்டான ‘டயர்ட் ஆஃப் செக்ஸ்’ தொடங்கும் இரைச்சலைக் கேட்டாலே வித்தியாசம் புரியும். மெட்டு அப்போதும் பவர்-பாப்தான் (கிட்டார் அதிரடியும் இனிய மெட்டும் கலந்த பாப்); மேலே அழுக்கு படிந்திருந்தது, அவ்வளவே.

இரண்டாவது, வரிகள். பாடகர் ரிவர்ஸ் குவோமோ ஹார்வர்டில் படித்துக்கொண்டு, கால் அறுவை சிகிச்சையின் வலியோடு, தனிமையில் பெரும்பாலும் எழுதிய அந்தரங்கமான வரிகள். முதல் ஆல்பத்தின் ‘பட்டி ஹோலி’ பாட்டு மாதிரி கலகலப்பை எதிர்பார்த்தவர்களுக்கு இது கூச்சமாக இருந்தது. ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 19-ஆம் இடத்தோடு நின்றது. ரோலிங் ஸ்டோன் இசை இதழின் வாசகர்கள் அதை அந்த ஆண்டின் மோசமான ஆல்பங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். விமர்சகர்கள் எல்லோருமே திட்டினார்கள் என்பது மட்டும் பிற்காலக் கட்டுக்கதை; கலவையான வரவேற்புதான்.

பேண்டு ஒதுங்கியிருந்த ஆண்டுகளில் இமோ (மனக்குமுறலை வெளிப்படையாகப் பாடும் ராக் வகை) இசைக்குழுக்களும் இளம் ரசிகர்களும் அந்தக் கூச்சத்தையே நேர்மை என்று எடுத்துக்கொண்டார்கள். 2004-இல் ரோலிங் ஸ்டோனே ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. 2010 மறுவெளியீட்டுக்கு இசை விமர்சனத் தளமான பிட்ச்ஃபோர்க் 10/10.

இதில் ஒரு சிக்கல் பாக்கி: இந்த ஆல்பத்தின் ‘அக்ராஸ் தி சீ’ ஜப்பானிய ரசிகை ஒருவரின் கடிதத்திலிருந்து பிறந்த பாட்டு. அதில் பெண் வெறும் கற்பனைப் பொருளாகிவிடுகிறாள் என்ற இன்றைய விமர்சனம் நியாயமானதே. மெட்டு பிரமாதம் என்பது அதற்குப் பதிலாகாது.