பழைய ஐரிஷ் குடிப்பாட்டில் வரும் ‘க்ரூஷ்கீன் லான்’ என்றால் என்ன? புல்வெளியைப் பற்றிய பாட்டா? புரியாத மற்ற வரிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

புல்வெளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ‘லான்’ புல்வெளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அல்ல. ஐரிஷ் மொழியில் ‘நிறைந்த’ என்று பொருள். ‘க்ரூஷ்கீன்’ என்பது சின்னக் குடுவை. ததும்பத் ததும்ப ஊற்றிவைத்த குட்டிக் குடுவையைத்தான் பாடுகிறவர் கொஞ்சுகிறார்.

நீங்கள் குழம்பியதற்குப் பாட்டே காரணம். உழவன் தன் நிலத்தைப் புகழட்டும், வேட்டைக்காரன் தன் நாய்களைப் புகழட்டும், இடையன் மணம் வீசும் புல்வெளியைப் புகழட்டும் என்று முதல் சரணம் போகிறது. அங்கே வருவது ஆங்கில ‘லான்’. அதற்கு இயைபாகச் சரணம் முடிகிற இடத்தில் ஐரிஷ் ‘லான்’ வந்து உட்கார்கிறது. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் ரசித்துச் செய்த வேலை அது.

எனக்கு இந்தச் சொல் முதலில் பாட்டில் அறிமுகமாகவில்லை. மைல்ஸ் நா கோப்பலீன் என்ற பெயரில் எழுத்தாளர் பிளான் ஓபிரையன் ஐரிஷ் டைம்ஸ் நாளிதழில் 1940 முதல் 1966-ல் இறக்கும்வரை எழுதிய பத்தியின் தலைப்பு இதுதான். அந்தப் புனைபெயரின் மூலத்தைத் தேடிப்போனபோது நாடகாசிரியர் டயன் பூசிகோ 1860-ல் மேடையேற்றிய ‘தி கொலீன் பான்’ நாடகத்தில் போய் நின்றேன். மைல்ஸ் அதில் ஒரு பாத்திரம். அந்த நாடகத்திலேயே இந்தப் பாட்டும் பாடப்படுகிறது!

இனி நீங்கள் கேட்ட புரியாத வரிகள், அதாவது இந்தப் பாட்டின் பல்லவி. அச்சில் அது ‘கிராமக்ரீ ம க்ரூஸ்கீன், ஸ்லாண்டா கால் மவூர்னீன்’ என்கிற மாதிரி இருக்கும். இதை வெற்றுத் தாளச் சொற்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். முழுக்க முழுக்க ஐரிஷ். ‘கிரா ம க்ரீ’ என்றால் என் நெஞ்சின் அன்பு. ‘ஸ்லான்சா’ என்றால் உடல்நலம். இன்றைக்கும் அயர்லாந்தில் கோப்பையை உயர்த்திச் சொல்லும் அதே சொல். ‘கால்’ என்று அச்சாகியிருப்பது ‘ஒளிமிக்க’ என்னும் சொல். ‘மவூர்னீன்’ என் கண்ணே என்பதுபோல.

இப்படிச் சிதைந்த எழுத்து எப்படி வந்தது? பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரிஷ் பேசிய பலருக்கு ஆங்கிலம் மட்டுமே வாசிக்கத் தெரியும். ஒற்றைத்தாள் பாட்டு அச்சிட்டு விற்றவர்கள் ஐரிஷ் வரிகளையும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் காதுக்குக் கேட்டபடி போட்டார்கள். வாங்கியவருக்கு ஒலி ஏற்கெனவே தெரியும். தாள் வெறும் நினைவூட்டல். பின்னால் மொழி கைவிட்டுப் போன தலைமுறைகளுக்கு எழுத்துக்கூட்டல் மட்டும் மிஞ்சியது. அதனால்தான் சொல்கிறேன்: அச்சில் இருக்கும் எழுத்தை நம்பாதீர்கள், வாய்விட்டுப் படித்து ஒலியைப் பிடியுங்கள்.

ஒலியைப் பிடித்த பிறகும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. நான் வாரக்கணக்கில் திணறியது இங்கேதான். தமிழில் சொற்கள் புணரும்போது பெரும்பாலும் சேரும் இடத்தில் ஒலி மாறும். ஐரிஷில் ‘என்’ என்ற பொருள் தரும் ‘மோ’ முன்னால் வந்தால் அடுத்த சொல்லின் முதல் எழுத்தே இளகிவிடும். ‘மூர்னீன்’ என்ற சொல் ‘மோ’வுக்குப் பின் ‘வூர்னீன்’ ஆகிறது. பல்லவியில் வந்த ‘மவூர்னீன்’ இதுதான். பழைய ஐரிஷ் அச்செழுத்தில் இந்த இளகலை எழுத்தின் தலையில் புள்ளி வைத்துக் காட்டினார்கள். புள்ளி வைக்கிற மொழியில் வளர்ந்த எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு நெருக்கம் வந்துவிட்டது. விஷயம் என்னவென்றால், அகராதியில் ‘வ’ ஒலியில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது. ‘ம’வுக்குத் திருப்பிக் கொண்டுவந்து தேட வேண்டும். ட்யாங்லன் அகராதித் தளத்தில் அல்ஸ்டர், கொனாக்ட், மன்ஸ்டர் ஆகிய மூன்று வட்டார உச்சரிப்புகளும் ஒலிப்பதிவாக உண்டு. பாடகரின் குரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சொல்லின் கடைசியில் ‘ஈன்’ வந்தால் பெரும்பாலும் ‘சின்ன’ என்று பொருள். ‘பொட்டீன்’ என்ற நாட்டுச் சாராயத்தின் பெயருக்கும் சின்னப் பானை என்றுதான் பொருள்.

பல்லவியின் கடைசியில் ‘கூலின் பான்’ என்று வருவதை நான் நெடுநாள் ‘கொலீன் பான்’ என்றே கேட்டுவந்தேன். நாடகத்தின் பெயர் காதில் தங்கிவிட்டது. கொலீன் என்றால் பெண். கூலின் என்பது கூந்தலைக் குறித்து வருவது. பழைய அச்சுத் தாளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திருத்திக்கொண்டேன். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் இத்தகைய ஒற்றைத்தாள் பாட்டுகளை இணையத்தில் படமாகவே வைத்திருக்கிறது. டப்ளினில் ஐரிஷ் மரபிசை ஆவணக்காப்பகம் இருக்கிறது. பாடல் வரித் தளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுப்பவை. பத்து தளம் ஒரே மாதிரி சொன்னாலும் அது ஒரு சாட்சிதான்.

எல்லாவற்றிலும் பொருள் தேட வேண்டியதில்லை. ‘விஸ்கி இன் தி ஜார்’ என்ற இன்னொரு ஐரிஷ் பாட்டில் வரும் ‘ரிங் டம்ம டூ டம்ம டா’ வெறும் வாய்த்தாளம். ஆனால் அதற்கு முன்னால் வருகிற ‘முஷா’ ஐரிஷ் வியப்புச்சொல்.

உங்களிடம் ‘க்ரூஷ்கீன் லான்’ ஒலிப்பதிவு இருந்தால், அதில் கடைசிச் சரணம் இருக்கிறதா என்று பாருங்கள். மரணம் வந்து வாசலில் நின்று, உன் நேரம் முடிந்தது என்கிறது. போடா, இன்னொரு குடுவைக்கு மதுக்கடவுளே அனுமதி தந்திருக்கிறான் என்கிறார் பாடுகிறவர். அந்தக் கடைசி ‘லான்’ ஒலிக்கும்போது இப்போது உங்களுக்குப் புல்வெளி தெரியாது.