ஒவ்வொரு ஜாபுக்கும் 12 டூலையும் தொட்டு எடுக்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் விஎம்சி (கம்ப்யூட்டர் கண்ட்ரோலில் ஓடும் செங்குத்து மில்லிங் மெஷின்) பழையது. டூல் நீளத்தை அளக்கும் டூல் செட்டரும் இல்லை, ஜாபின் (வெட்டும் துண்டின்) இடத்தை அளக்கும் ப்ரோபும் இல்லை. ஜாப் மாறும்போதெல்லாம் 12 டூலையும் ஜாப் மேல் தொட்டு, வரும் எண்ணை எச் ஆஃப்செட்டில் (டூல் நீளத்துக்கான எண்) போடுகிறேன். அரை ஷிப்ட் இதிலேயே போய்விடுகிறது. இதைக் குறைக்கலாம் என்று ஜி54 இசட்டிலும் (ஜாபின் பூஜ்யப் புள்ளி உயரம்) எண் போட்டுப் பார்த்தேன். டூல் நேராக ஜாபைப் பிடித்திருக்கும் வைஸை நோக்கி இறங்கியது, எமர்ஜென்சியை அடித்து நிறுத்தினேன். எங்கே தப்பு?

பதில்: கண்ட்ரோல் செய்வது வெறும் கூட்டல்தான். ஜி54 இசட், எச் மதிப்பு, புரோகிராமில் உள்ள இசட் ஆகிய மூன்றையும் கூட்டி, வரும் எண்ணுக்கு, டூலைப் பிடித்துச் சுற்றும் ஸ்பிண்டிலை அனுப்பும். உங்கள் எச் எண்ணில் ஹோமிலிருந்து (மெஷினின் தொடக்கப் புள்ளி) ஜாப் மேற்பரப்பு வரையிலான முழுத் தூரமும் இருக்கிறது. உதாரணமாக -365.450. அதே தூரத்தை ஜி54 இசட்டிலும் போட்டால், இசட்50. என்று சொன்னதும் அது 680 மில்லிமீட்டர் கீழே போகப் பார்க்கும். ஓவர்டிராவல் அலாரம் காப்பாற்றாதா என்றால், பழைய கண்ட்ரோல் பெரும்பாலும் எல்லையைத் தொட்ட பிறகுதான் கத்தும். வைஸ் அதற்கு முன்பே வந்துவிடும்.

ஆக, டூலின் கணக்கு எச் எண்ணில் மட்டும், ஜாப் உயரத்தின் கணக்கு ஜி54-ல் மட்டும் என்று பிரித்துவிடுங்கள். ப்ரோப் இல்லாத மெஷினுக்கு நான் சொல்வது இந்த வழி.

100 மில்லிமீட்டர் உயரத்தில் கிரைண்ட் செய்த பிளாக் ஒன்றை மெஷினுக்கென்றே ஒதுக்குங்கள். அதை பெட்டில் (மெஷின் மேசையில்) வைத்து எல்லா டூலையும் அதன் மேல் தொடுங்கள். பெட்டையே தொடலாமே என்று தோன்றும். ஆனால் பல மெஷின்களில் ஸ்பிண்டில் கடைசி வரை இறங்கினாலும் குட்டை டூல் பெட்டை எட்டாது, அதனால்தான் பிளாக். ஒவ்வொரு டூலும் தொடும் இடத்தில் காட்டும் மெஷின் இசட் எண்தான் அதன் எச். ஐந்தாம் டூலுக்கு -402.450 வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

அப்புறம் அதே ஐந்தாம் டூலை ஜாப் மேல் தொடுங்கள். -365.450 வருகிறதா? வித்தியாசம் 37. ஜி54 இசட்டில் +37.000 போடுங்கள், அவ்வளவுதான். மற்ற 11 டூலையும் தொடவே வேண்டாம். நாளை ஜாப் மாறினால் இந்த ஒரு எண் மட்டும் மாறும். டூல் உடைந்தால் அந்த ஒரு டூலை மட்டும் பிளாக் மேல் தொட்டால் போதும். இன்னொரு வசதி, இந்த எண் கண்ணுக்குத் தெரிகிற எண். பிளாக்கை விட ஜாப் 37 மில்லிமீட்டர் உயரமா என்று ஸ்டீல் ஸ்கேலை வைத்தே பார்த்துவிடலாம். ஜாப் பிளாக்கை விடத் தாழ்வாக இருந்தால் எண் கழித்தலில் வரும், பயப்பட வேண்டாம்.

தொடும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டூலை பிளாக் மேல் இறக்காதீர்கள். டூல் முனையை பிளாக்கின் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, பக்கத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட்வீலில் 0.01 ஆக ஏற்றிக்கொண்டே, டூலுக்கு அடியில் பிளாக் நுழைகிறதா என்று தள்ளிப் பாருங்கள். லேசாக உரசி நுழைகிற இடம்தான் சரியான இடம். மேலிருந்து இறக்கினால் ஒரு கிளிக் அதிகமானாலும் கார்பைடு முனை சிதறும். நானே அப்படி நல்ல எண்ட்மில் ஒன்றை இழந்திருக்கிறேன். ஃபேஸ்மில் என்றால் ஸ்பிண்டிலைக் கையால் சுற்றி, கீழே நீட்டி நிற்கும் இன்செர்ட்டில் தொடுங்கள். டிரில்லை முனையில் தொடுவதால், முழு விட்டம் எவ்வளவு ஆழம் வேண்டுமோ அதோடு முனை நீளத்தையும் கூட்டுங்கள். 118 டிகிரி டிரில்லில் அது விட்டத்தில் சுமார் 0.3 மடங்கு. 10 மில்லிமீட்டர் டிரில்லுக்கு 3.

எக்ஸ், ஒய் சுலபம். 10 மில்லிமீட்டர் எட்ஜ் ஃபைண்டர் (விளிம்பைத் தேடும் கருவி) ஜாபின் இடது பக்கத்தில் -245.300-ல் தொட்டால் விளிம்பு -240.300. பாதி விட்டத்தை எந்தப் பக்கம் கூட்டுவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

பழைய மெஷினுக்கே உரிய பொறிகள் சில உண்டு. முதலாவது தசமப் புள்ளி. பல பழைய ஃபானக் கண்ட்ரோல்களில் 37 என்று புள்ளி இல்லாமல் அடித்தால் அது 0.037 மில்லிமீட்டர். உங்கள் ஜாபில் டூல் 37 மில்லிமீட்டர் உள்ளே இறங்கிவிடும். இரண்டாவது, ஆஃப்செட் பக்கத்தில் ஒரே ஒரு வரிசை மட்டும் இருந்தால் எச்5 (நீளம்), டி5 (ஆரம்) இரண்டும் ஒரே இடத்தைத்தான் படிக்கும். நீளத்தை ஆரமாக எடுத்துக்கொள்ளும். டி எண்ணுக்கு 30 கூட்டி, டி35 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, ஜி54-க்கு முன்னால் இருக்கும் 00 ஆஃப்செட். அதில் யாரோ விட்டுப்போன எண், ஜி54 முதல் ஜி59 வரை எல்லாவற்றோடும் சேரும். பூஜ்யமா என்று பாருங்கள்.

ஹோமையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஹோம் டாக் (ஹோம் சுவிட்சை அழுத்தும் கட்டை) தளர்ந்தாலோ, சுவிட்சில் உலோகச் சிப்ஸ் அடைத்தாலோ, ஹோம் மோட்டாரின் ஒரு முழுச் சுற்று அளவு தள்ளிப் போகும். அலாரம் வராது. காலையில் ரெஃபரன்ஸ் எடுத்து (ஹோமுக்கு அனுப்பி), ஸ்பிண்டிலைச் சற்று சூடாக ஓட்டிய பிறகு, ஒரே ஒரு டூலை பிளாக் மேல் தொட்டுப் பாருங்கள். நேற்றைய எண்ணே வந்தால் சரி. சில மில்லிமீட்டர் தள்ளி வந்தால் ஆஃப்செட்டைத் திருத்த வேண்டாம், ஹோம் சுவிட்சைப் பாருங்கள்.

எண்கள் எல்லாவற்றையும் தாளில் எழுதி மெஷின் கதவில் ஒட்டுங்கள். மெமரியைக் காக்கும் பேட்டரியை மாற்றும்போது மெஷின் ஆனில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பாராமீட்டரும் சேர்ந்து போய்விடலாம்.

முதல் ஓட்டத்துக்கு சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரியாக ஓட்டுவது), ரேப்பிட் (வேக நகர்வு) 25 சதவீதம். எச் எண்ணைச் சேர்க்கும் ஜி43 எச்5 இசட்50. என்ற வரி முடிந்து டூல் நின்றதும், 50 மில்லிமீட்டர் பிளாக் ஒன்றை ஜாப் மேல் வைத்து டூலுக்கு அடியில் தள்ளிப் பாருங்கள். உரசி நுழைந்தால் சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்தலாம்.