இலவசக் காலுக்கு எதற்கு 3,000 ரூபாய்?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் கிராமம். என் கணவர் விவசாயக் கூலி. சர்க்கரை நோயால் நான்கு மாதம் முன்பு இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அறக்கட்டளை மூலம் இலவசமாகச் செயற்கைக்கால் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். பதிவுச் செலவு 3,000 ரூபாயாம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் அசலும் வேண்டுமாம். கொடுக்கலாமா?

பதில்: இரண்டையும் கொடுக்காதீர்கள். ஜெய்ப்பூர் கால் பொருத்தும் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி 1975-லிருந்து காசு வாங்காமல்தான் கால் மாட்டி அனுப்புகிறது. ஒழுங்கான அறக்கட்டளை எதற்கும் நடுவில் ஆள் தேவையில்லை. அலுவலகத்துக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்தப் பதிவுச் சான்று வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள், பாதிப் பேர் அடுத்த நாள் வரமாட்டார்கள்.

பணம் போனால்கூடப் போகட்டும், அட்டைதான் வினை. ஏதோ ஒரு முகாமில் உங்கள் கணவர் பெயரில் கால் கொடுத்ததாக எழுதிவிட்டால் முடிந்தது. ஒன்றிய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில், அரசோ அறக்கட்டளையோ யார் கொடுத்திருந்தாலும், அதே உதவி மூன்று ஆண்டுக்கு மறுபடி கிடையாது. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் ஓராண்டு. உங்களுக்கு இது வேண்டாம்தான். ஆனால் உங்கள் தெருவில் காலிப்பர் (பலமில்லாத காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) போடும் பிள்ளை இருந்தால் அந்த வீட்டில் சொல்லுங்கள். ஆறு வயதில் போட்டது எட்டு வயதில் ஏறாது. "மூணு வருஷம் ஆகட்டும்" என்று திருப்பி அனுப்பினால், பிள்ளைக்கு ஓராண்டுதான் என்று சொல்லி, மறுப்பை எழுத்தில் கேட்கட்டும். எழுதித் தரச் சொன்னாலே விதி ஞாபகம் வந்துவிடும்.

அட்டை கேட்கும் இடத்தில் ஜெராக்ஸ் போதும். வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்காதீர்கள்.

திருவாரூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நேரே மனு கொடுங்கள். "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். ஒற்றைக் காலோடு ஒருவர் பஸ் மாறி வருகிறார் என்பது அந்த நாற்காலிக்கு எப்போது உறைக்குமோ! மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

கால் தருகிறவரிடம் கேட்க வேண்டியது வேறு: "தளர்ந்தால் யார் சரி செய்வார்கள்?" வெட்டிய காலின் முனை முதல் வருடத்தில் சுருங்கும். அந்த முனை உட்காரும் செயற்கைக்காலின் குழி, இன்று கச்சிதமாகப் பொருந்தினாலும், ஆறு மாதத்தில் லொடலொடக்கும். உள்ளே போடும் சாக்ஸை ஒன்றுக்கு இரண்டாக்கிச் சமாளிப்பதற்கும் எல்லை உண்டு. மேடை போட்டு, போட்டோ எடுத்து, அன்றோடு மறக்கும் முகாம் கால்கள் பல வீட்டுப் பரணில்தான் கிடக்கின்றன. வரப்பில் இறங்குகிறவருக்கு ரப்பர் பாதம் வைத்த ஜெய்ப்பூர் கால் தோது. செருப்பில்லாமல் நடக்கலாம், தண்ணீரில் நனையலாம்.

சர்க்கரைக்காரருக்கு உணர்ச்சி மரத்திருக்கும், உரசினால் தெரியாது. தினமும் காலைக் கழற்றியதும் முனையைக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். சிவப்புத் தடம் கால் மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அன்று மாட்ட வேண்டாம். வலது பாதத்தையும் கூடவே பாருங்கள்.

அட்டையை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.