தோட்டத்தில் கிறிஸ்தவனாக முன்மாதிரியாக வாழ்வது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், சுற்றிலும் வேறு மதத்தவர்கள், எப்படிச் சாட்சியாக வாழ்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பிரசங்கத்தில் தொடங்காதீர்கள், குலைக் கணக்கில் தொடங்குங்கள்.

வெட்டிய செம்பனைக் குலையின் காம்பில் அவரவர் எண்ணை எழுதி அடுக்கி வைப்போம் இல்லையா, என் அப்பா கணக்கெழுதிய காலத்தில் பழுக்காத காய்க்குலையை வெட்டினால் அபராதம் என்பதால் அதை அடியில் தள்ளி மறைப்பது சகஜம். அவர் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்ப்பார், சொந்தத் தம்பி வெட்டியதில் காய் இருந்தாலும் எழுதிவிடுவார். சித்தப்பா மூன்று மாதம் பேசவில்லை. ஆனால் சம்பள நாளில் கணக்கில் சந்தேகம் வந்தால் மாரியம்மன் கோயில் தலைவர்கூட எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்.

கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது நீதிமொழிகள் 11:1. தவறிவிட்டால் மறைக்காதீர்கள். லூக்கா 19-இல் வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எல்லார் முன்னும் சொன்னானே, அந்தத் தைரியம் வேண்டும்.

அப்புறம் மளிகைக் கடைப் பற்று. சம்பளத்தன்றே அடைத்துவிடுங்கள். ஞாயிறு வெள்ளைச் சட்டையில் ஆராதனைக்குப் போனவர் திங்களன்று கடைக்காரரைக் கண்டு வேறு பாதையில் போனால், ஊர் அதைத்தான் பேசும்.