உணவுக்கென்று குறிக்கப்பட்ட விநோத நாள்களைக் குடும்பமாகக் கொண்டாடுவதில் பொருள் இருக்கிறதா?

டோனட் நாள், பீட்சா நாள் என்று நாள்காட்டியில் பெருகிவரும் உணவு நாள்களை வணிகத் தந்திரம் என்று ஒதுக்கிவிடுவதா, பிள்ளைகள் ஆசைப்படுவதால் வீட்டில் கொண்டாடுவதா என்று சென்னையிலிருந்து ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார். நாங்கள் சுவீடனின் மேற்குக் கரையிலுள்ள கோத்தன்பர்க் நகரில் வாழ்கிறோம். ஒரு பண்டத்துக்கு ஒரு நாள் என்று குறித்து, அந்த நாளில் வீடு, பள்ளி, அலுவலகம் எங்கும் அதையே உண்பதில் இந்நாட்டாருக்கு உண்மையான ஈடுபாடு உண்டு. அவற்றுள் சில நாள்களை நாங்களும் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். ஆகவே, கொண்டாடுங்கள் என்பதே என் பதில். ஆனால் அந்த உணவை உங்கள் கையாலேயே செய்து, வீட்டிலுள்ள அனைவரும் ஒரே வேளையில் சேர்ந்து அமர்ந்து உண்ண இடம்தரும் நாள்களை மட்டும் தேர்ந்தெடுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இங்கே பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். கிறிஸ்துமஸ் முடிந்து வசந்தம் தொடங்காத அந்த நீண்ட இடைவெளியில் வருவது ஃபெத்திஸ்தாகென் என்னும் கொழுப்புச் செவ்வாய். ஈஸ்டருக்கு 47 நாள் முன்னதாக வருவதால், அது பிப்ரவரி 3க்கும் மார்ச் 9க்கும் இடையில் ஆண்டுக்காண்டு இடம் மாறும். மறுநாள் சாம்பல் புதன். அன்று தொடங்கும் தவக்காலத்துக்கு முன், வீட்டில் இருக்கும் வெண்ணெய், பால், முட்டை முதலியவற்றை உண்டு தீர்த்துவிடும் கத்தோலிக்க வழக்கத்திலிருந்து பிறந்த நாள் அது. பதினாறாம் நூற்றாண்டில் சுவீடன், கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த லூத்தரன் கிறிஸ்தவத்துக்கு மாறியபின் நோன்பு மெல்ல வழக்கொழிந்தது. நோன்புக்கு முந்திய விருந்து மட்டும் நிலைத்துவிட்டது.

அந்த விருந்தின் பண்டம் செம்லா. ஏலக்காய் சேர்த்துச் சுட்ட மெத்தென்ற கோதுமை பன்னின் மேற்பகுதியை மூடிபோல் வெட்டியெடுத்து, உள்ளே சிறிது குடைந்து, குடைந்தெடுத்த துகளைப் பாதாம் விழுதும் கொஞ்சம் பாலும் சேர்த்துப் பிசைந்து மீண்டும் நிரப்பி, அதன்மேல் நுரைக்க அடித்த கிரீமை வைத்து, மூடியைப் பொருத்திச் சர்க்கரைப் பொடியைத் தூவ வேண்டும். கடைகளில் இது புத்தாண்டுக்கு முன்பிருந்தே கிடைக்கிறது. எங்கள் வீட்டிலோ அந்தச் செவ்வாய் வரும்வரை யாரும் அதைத் தொடுவதில்லை. காத்திருப்பது இந்த நாளின் சுவையில் பாதி என்று நான் நம்புகிறேன். கடையில் பார்த்த அன்றே வாங்கித் தந்திருந்தால், என் பிள்ளைகளுக்கு அது மற்றொரு பேக்கரிப் பண்டமாகவே இருந்திருக்கும்.

வேலையில் அனைவருக்கும் பங்கு உண்டு. எங்களுடன் தங்கியிருக்கும் என் மாமியார் சிறிய உரலில் ஏலக்காய் விதையை இடிப்பார். தூளாக்கிவிடக்கூடாது, பல்லில் தட்டுப்படும் அளவுக்குக் கொரகொரப்பாக இருக்க வேண்டும் என்பது இந்நாட்டு முறை. இனிப்பு ரொட்டிகளில் சுவீடன்காரர்கள் ஏலக்காயை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அறிந்தபோதுதான் அவருக்கு இந்த ஊர்ச் சமையலின்மீது முதன்முதலாக நெருக்கம் வந்தது. போடிநாயக்கனூரில் ஏலம் போகும் காயைப் பார்த்து வளர்ந்தவர் அவர். பாயசத்துக்கும் கேசரிக்கும் அப்பால் ஏலக்காய்க்கு இப்படி ஒரு வாழ்வு இருப்பதை அவர் தம் ஊர் உறவினர்களிடம் தொலைபேசியில் மகிழ்ந்து சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மூத்தவள் கிரீமை அடிப்பாள், இளையவன் மூடிகளை வெட்டுவான். மூடியைக் கரண்டியாக்கிக் கிரீமை அள்ளி உண்பதா, அப்படியே கடிப்பதா, ஆழமான தட்டில் சூடான பால் ஊற்றி அதில் வைத்து உண்பதா என்பது ஒவ்வொருவர் விருப்பம்.

பாலில் வைத்து உண்ணும் அந்தப் பழைய முறைக்கு ஹெத்வேக் என்று பெயர். 1771 பிப்ரவரி 12 கொழுப்புச் செவ்வாயாக அமைந்தது. அன்று அடால்ஃப் ஃபிரெட்ரிக் மன்னர் கடல் நண்டு வகை, மீன் முட்டை, புளிக்கவைத்த முட்டைக்கோசு, புகையூட்டிய மீன், ஷாம்பெயின் என்று பெருவிருந்து உண்டபின், இந்த ஹெத்வேக்கையும் உண்டு அன்றிரவே இறந்தார். பதினான்கு உண்டார் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கணக்கு. உண்ணும் பண்டத்துக்குப் பின்னால் இப்படியொரு கதை இருந்தால், மேசையைவிட்டுப் பிள்ளைகள் எழுந்து போவதில்லை. உணவு நாள்கள் குடும்பத்துக்குத் தரும் முதற்பெரும் பயன் இதுதான் என்பேன். அன்றாட இரவு உணவில் பள்ளி, வேலை, வீட்டுப்பாடம் என்ற மூன்றையே சுற்றிவரும் பேச்சு, அந்த ஒரு நாளில் ஓர் அரசரின் சாவுக்கும், நோன்பின் வரலாற்றுக்கும், போடி மலைத் தோட்டங்களுக்கும் போய்வருகிறது.

அடுத்து மார்ச் 25, மாவை இரும்பு அச்சில் ஊற்றிச் சுடும் வாஃபிளின் நாள். இந்த நாள் வந்த விதம் வியப்பானது. கன்னி மரியாளுக்கு வானதூதர் செய்தி சொன்ன திருநாள் அது. கிறிஸ்துமசுக்குச் சரியாக ஒன்பது மாதம் முன்பு வருகிறது. அதை இவர்கள் தம் மொழியில், நம் அன்னையின் நாள் என்னும் பொருளில், வோர்ஃப்ருதாகென் என்றார்கள். பேச்சில் அது திரிந்து, வாஃபிள் நாள் என்று பொருள்படும் வோஃபெல்தாகென் ஆயிற்று. பிறகு மக்கள் வாஃபிளே சுட்டு உண்ணத் தொடங்கினார்கள். 1953இல் அரசு விடுமுறையை அந்தத் தேதியிலிருந்து நீக்கித் திருநாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டது. வாஃபிள் மட்டும் 25ஆம் தேதியை விட்டு நகரவில்லை. இதய வடிவங்கள் ஐந்து சேர்ந்த வட்டமான வாஃபிள் அது. மாவில் முட்டையே சேர்க்காமல், கோதுமை மாவு, தண்ணீர், உருக்கிய வெண்ணெய், அடித்த கிரீம் ஆகியவற்றைக் கொண்டு மொறுமொறுப்பாகச் சுடும் முறையும் இங்கே உண்டு. முட்டை உண்ணாத என் மாமியாருக்காக நாங்கள் அதையே கைக்கொள்கிறோம்.

உங்கள் கேள்வியில் வணிகம் பற்றிய ஐயம் இருக்கிறதே, அதற்கு அக்டோபர் 4ஐத்தான் எடுத்துக்காட்டாகக் கொள்ள வேண்டும். அது கனேல்புல்லே என்னும் இலவங்கப்பட்டை பன்னின் நாள். இதற்குச் சமய வேரும் இல்லை, பழமையும் இல்லை. வீட்டில் ரொட்டி, பன் சுடும் வழக்கத்தை வளர்க்க ஏற்படுத்தப்பட்ட 'வீட்டு பேக்கிங் மன்றம்' என்ற அமைப்பு, தன் நாற்பதாம் ஆண்டையொட்டி 1999இல் தொடங்கிய நாள் இது. மாவும் சர்க்கரையும் ஈஸ்டும் விற்பனையாக வேண்டும் என்ற நோக்கம் அதன் பின்னால் இருந்ததை எவரும் மறைத்ததில்லை.

அப்படியிருந்தும் இந்த நாளை நான் மனதார மதிக்கிறேன். காரணம், அது மக்களைக் கடைக்கு அனுப்பியதைவிட மிகுதியாக அடுப்பங்கரைக்கு அனுப்பியது. அரை லிட்டர் பாலைக் கைபொறுக்கும் சூட்டில், அதாவது 37 டிகிரியில், எடுத்துக்கொண்டு, 50 கிராம் ஈர ஈஸ்டைக் கரைத்து, 150 கிராம் வெண்ணெய், சர்க்கரை, ஏலக்காய், உப்பு, சுமார் 850 கிராம் கோதுமை மாவு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்தால் நாற்பது பன்னுக்கு அருகில் வரும். மாவு உப்ப முக்கால் மணி நேரம்; பிறகு அதைத் தேய்த்து, வெண்ணெயும் சர்க்கரையும் பட்டைத் தூளும் பூசிச் சுருட்டி, துண்டுபோட்டு, மறுபடியும் அரை மணி நேரம் உப்பவிட்டு, 225 டிகிரி ஓவனில் எட்டு முதல் பத்து நிமிடம் சுட வேண்டும். மாவு உப்பும் வேளையில் யாராலும் எதையும் அவசரப்படுத்த முடியாது. அந்த ஓய்வில் வீட்டில் நடக்கும் பேச்சும் விளையாட்டும் எந்த நிறுவனத்தின் விற்பனைக் கணக்கிலும் ஏறாதவை. நாற்பது பன்னை நாங்களே உண்ணவும் முடியாது. எனவே மேல்மாடி முதியவருக்கும் எதிர்வீட்டுச் சிரியக் குடும்பத்துக்கும் ஒரு தட்டு போகும். அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பி வந்ததில்லை.

ஆகவே, ஒரு நாளை யார் தொடங்கினார்கள் என்பதைவிட, அது நம்மிடம் என்ன கேட்கிறது என்பதையே நான் பார்க்கிறேன். பணத்தை மட்டும் கேட்டால் விட்டுவிடலாம். நேரத்தையும் கையுழைப்பையும் கேட்டால் எடுத்துக்கொள்ளலாம். இந்த அளவுகோலின்படி, இந்த ஊருக்கே உரிய நவம்பர் 6ஐ நாங்கள் கடையோடு நிறுத்திக்கொள்கிறோம். கோத்தன்பர்க்கை நிறுவிய குஸ்தாவ் அடால்ஃப் மன்னர் 1632இல் லுட்சன் போர்க்களத்தில் இறந்த நாள் அது. அவருடைய முகம் பதித்த கேக்கை நகரெங்கும் விற்பார்கள். அழகான வழக்கம்தான், ஆனால் அதில் எங்கள் பிள்ளைகள் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகஸ்டின் மூன்றாம் வியாழனன்று புளிக்கவைத்த மீன் டப்பாவைத் திறக்கும் வடபகுதி வழக்கத்துக்கு எங்கள் வீட்டில் இடமில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் நாள்களைவிட எங்களை அதிகம் இணைத்தது வாரந்தோறும் வரும் ஒரு வழக்கம். வியாழக்கிழமைகளில் மஞ்சள் பட்டாணி சூப்பும் அதன்பின் ஜாம் தடவிய மெல்லிய பான்கேக்கும் உண்பது சுவீடனில் இடைக்காலத்திலிருந்து தொடர்கிறது; வெள்ளியன்று இறைச்சி விலக்கும் நோன்பு என்பதால், முந்தைய நாள் வயிறு நிறைய உண்டார்கள். இராணுவச் சமையற்கூடங்களில் இன்றும் வியாழன் உணவு இதுவே. அவர்கள் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். நாங்கள் முதல்நாள் இரவே ஊறவைத்த காய்ந்த பட்டாணியை வெங்காயம், தைம் இலையோடு குழைய வேகவைத்து, கடுகு விழுதைத் தொட்டுக்கொள்கிறோம். மெரினாவில் சுண்டலாகும் பட்டாணியின் நெருங்கிய உறவு அது. 1577இல் சிறையில் இறந்த பதினான்காம் எரிக் மன்னருக்கு நஞ்சு வைத்தது பட்டாணி சூப்பில்தான் என்பது பழங்கதை. 1958இல் கல்லறையைத் திறந்து ஆராய்ந்தபோது அவருடைய உடலில் ஆர்செனிக் என்னும் நஞ்சு மிகுதியாகக் காணப்பட்டது. என் மகன் விருந்தினர் யார் வந்தாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் கரண்டியை எடுப்பான்.

சென்னையில் இருக்கும் உங்களுக்கு டோனட்டைத் தேடிப்போக வேண்டிய தேவையே இல்லை. ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனவர்கள் நாம். புதிதாகத் தொடங்கப்பட்ட நாள்தான் வேண்டுமென்றால் மார்ச் 30, உலக இட்லி நாள், உங்கள் நகரிலேயே பிறந்தது. இட்லிக் கலைஞர் இனியவன் 2015இல் அதைத் தொடங்கிவைத்தார். இட்லி அன்றாட உணவாயிற்றே, அதில் என்ன கொண்டாட்டம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். எனவே அன்று வழக்கமான இட்லியை விட்டுவிட்டுக் காஞ்சிபுரம் இட்லி செய்யுங்கள். வரதராசப் பெருமாள் கோயிலில் மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகும் பண்டம் அது. வீட்டில் டம்ளரிலோ கிண்ணத்திலோ இலை விரித்து ஊற்றினால் போதும். மாவை முதல்நாளே கொரகொரப்பாக அரைத்து வையுங்கள். மிளகையும் சீரகத்தையும் இடிப்பதையும் சுக்கைத் தட்டுவதையும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். கனமான இட்லி என்பதால் வேக நேரம் பிடிக்கும்; அந்த நேரத்தில் கோயில் குடலையின் கதையைச் சொல்லலாம்.