மேசைக்கு அடியில் நீளும் கை

அன்புள்ள ஆலோசகருக்கு,

நாங்கள் சாப்பிட உட்கார்ந்ததும் எங்கள் நாய் மேசைக்கு அடியில் புகுந்து, என் அப்பாவின் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு, அவருடைய தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் கவனிக்கவில்லை என்று எண்ணி அவர் ஒரு வாய் கொடுத்துவிடுவார்; எழும்போது அவர் மடியில் எச்சில் ஈரம் வட்டமாகத் தெரியும். கொடுக்காத நாளில் அது குரைக்கிறது, என் மகனின் தட்டிலும் வாய்வைக்கப் பார்க்கிறது. சென்ற மாதம் அது இரவு முழுவதும் வாந்தியெடுத்தபோது, என் கணவர் அப்பாவைக் கடிந்து பேசிவிட்டார். அன்று முதல் அப்பா தம் அறையிலேயே தனியாகச் சாப்பிடுகிறார். அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நாயைத் திருத்துவதா, அப்பாவைத் தடுப்பதா என்று எனக்கு விளங்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு மகள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நாயைவிட, அப்பா தனியாகச் சாப்பிடுவதுதான் என் மனத்தை உறுத்துகிறது. ஆயினும் நாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

கெஞ்சுவது அதன் கெட்ட குணமன்று, நாம் கற்றுக்கொடுத்தது. எப்போதும் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைப்பதே ஒரு பழக்கத்தை வலுவாக வேரூன்றச் செய்கிறது என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் கொண்டு செய்த ஆய்வுகளில் காட்டினார். பத்து வேளை மறுத்துவிட்டுப் பதினோராம் வேளை மனமிரங்கினால், அதுவரை விடாமல் காத்திருக்க நாய் பழகிவிடுகிறது. எனவே, நிறுத்துவதென்றால் மகன் உட்பட எல்லோரும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும். முதல் சில நாட்களில் குரைப்பு முன்னைவிடக் கூடலாம். அப்போது ஒருவர் இரங்கினாலும், இன்னும் உரக்கக் குரைத்தால் கிடைக்கும் என்று அது புரிந்துகொள்ளும்.

வாந்திக்குக் காரணம் என்னவென்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். இதை மருத்துவர் வாயால் அப்பா கேட்பது நல்லது. மருமகன் சொன்னால் குற்றச்சாட்டாகவே அவர் காதில் விழும்.

துணையை இழந்த ஒருவருக்கு, தம் கையிலிருந்து ஒரு வாய் வாங்கிக்கொள்ள ஓர் உயிர் காத்திருப்பது சிறிய ஆறுதலன்று. அந்தக் கையைத் தடுக்காதீர்கள். அது கொடுக்கும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் மாற்றுங்கள். குடும்பம் சாப்பிட உட்காருவதற்கு முன், நாய்க்கு அதன் கிண்ணத்தில் உணவு வைக்கும் பொறுப்பு அப்பாவுடையதாகட்டும். பிறகு மேசையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பாயை விரித்து, அதில் நாய் அமைதியாகப் படுத்திருக்கும்போது மட்டும், அதன் அன்றாட அளவிலிருந்தே எடுத்துவைத்த ஒரு துண்டை அவர் எழுந்துபோய்க் கொடுக்கட்டும். முதலில் ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை கொடுத்து, நாளடைவில் இடைவெளியைக் கூட்டலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்பு உங்கள் கணவர் அப்பாவின் அறைக்குச் சென்று, அன்று பேசிய விதத்துக்காக வருத்தம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பேச்சில் நாயின் பெயரே வரக்கூடாது. அதன்பின்னும் அவர் மேசைக்கு வராமல், உணவும் உறக்கமும் குறைந்துகொண்டே போனால், தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.